பாலுக்குக் கணக்கு உண்டு, தாய்க்கு இல்லையா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பினாங்கு சூலியா தெருவில் ஒரு பணம் அனுப்பும் கடை வாசலில் நின்றிருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் ஊருக்குப் பணம் கட்டினார். அவர் படி இறங்குவதற்குள் "வந்து சேர்ந்தது" என்று வீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. நாம் போனதோ அதே தெருவின் பின்சந்துக்கு, பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்த கெடா தோட்டத்துப் பெண்ணைப் பார்க்க. பணம் கடல் தாண்டிப் போகிறது. அந்தப் பெண்ணின் இரத்த அழுத்தக் கணக்கு பாலம் தாண்டி வரவில்லை!

நடந்ததைச் சொல்கிறோம். அவள் பால்வெட்டுத் தொழிலாளி. ஏழு மாதமும் கிளினிக்கில் காட்டினாள். வேலை முடிய நேரமாகிவிட்ட இரண்டு நாளில் மட்டும் தனியார் டாக்டரிடம் போனாள். அழுத்தம் ஏறியிருப்பதை அவர் கண்டார், தம்முடைய அட்டையில் எழுதினார், மாத்திரை கொடுத்தார். கிளினிக் புத்தகத்தில் அது ஏறவில்லை. அந்தப் புத்தகமும் தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒன்பதாம் மாதம், நடுஇரவில், தலைவலியோடும் கால்வீக்கத்தோடும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "எப்போதிருந்து அழுத்தம்? என்ன மாத்திரை?" என்று கேட்டார்கள். பெற்ற தாய்க்கு அழத்தான் தெரிந்தது. இரு உயிரும் பிழைத்தன. டாக்டர்களின் கைத்திறமையால் பிழைத்தன, கணக்கால் அல்ல.

கிராணி வேலை பார்க்கும் நமக்கு வெட்கமாக இருக்கிறது. தோட்டத்து ஆபீசில் எந்தக் கணக்கு இல்லை? எந்த நிரையை யார் வெட்டினார், எத்தனை கிலோ பால், அதில் ரப்பர் எத்தனை சதவிகிதம், ஒட்டுப்பால் எவ்வளவு, எல்லாம் அன்றைக்கே ஏறிவிடும். நாலு கிலோ குறைந்தால் மறுநாள் பிரட்டில் கேள்வி வரும். ஒரு தாயின் கணக்கு மூன்று இடத்தில் மூன்று துண்டாகக் கிடந்தால் கேட்பார் யார்?

பிள்ளையின் கதையும் இதுவே. இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு ஜி-6-பி-டி குறைபாடு உண்டா என்று இரத்தத்தில் பார்க்கிறார்கள். உள்ள பிள்ளைக்குச் சில மருந்துகள் ஆகாது. துணியில் போடும் அந்துருண்டைகூட ஆகாது. தோட்டம் மாறிப் போகும்போது அந்தச் சீட்டு தொலைந்தால், புதிய டாக்டருக்கு அதை யார் சொல்வது?

கணக்கு உயிர் காக்கும் என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தும் வேல்ஸும் 1952-இல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் இரகசியமாக ஆராயத் தொடங்கின. யாரைத் தண்டிக்கலாம் என்பதற்கல்ல; எங்கே தவறியது என்று அறிய. மலேசியா 1991-இல் அம்முறையை ஏற்றது. பல ஆஸ்பத்திரிகளின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பிரசவத்திற்குப் பிந்திய உதிரப்போக்கு பெரிய எமன் என்று தெரிந்தது. அதற்கென்றே பயிற்சி வந்தது. 1957-இல் இலட்சம் பிறப்புக்கு 280 தாய்மாருக்கு மேல் மாண்ட நாட்டில், 2000-ஆம் ஆண்டளவில் அது 30-க்குக் கீழே இறங்கியது. மருத்துவச்சிகளும் சாலைகளும் ஆஸ்பத்திரிகளும் அதைச் செய்தன. கணக்கும் கூட நின்றது. தமிழ்நாடும் 2008 முதல் கர்ப்பிணிகளைக் கணினியில் பதிந்து எண் கொடுத்துப் பின்தொடர்கிறது.

"கணக்கைப் பகிர்ந்தால் இரகசியம் போய்விடும்" என்பார் சிலர். இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தவுடன் பேர் வெட்டும் காண்ட்ராக்டர்களை நாம் அறிவோம். 2023 ஜனவரி முதல் 98 நாள் பிரசவ விடுமுறை சட்டத்தில் இருக்கிறது. கர்ப்பத்தைக் காட்டி வேலை நீக்கவும் தடை இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது! 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே பூட்டில்லாத பெட்டியில் நம் பெண்களின் கணக்கை வைக்கச் சொல்லவில்லை. பூட்டுப் போடுங்கள் என்கிறோம். பூட்டில்லை என்று பெட்டியையே உடைப்பது அறிவாகுமா?

நம் கோரிக்கை நான்கு:

ஒன்று: அரசாங்க கிளினிக், தோட்டத்து மருந்தகம், தனியார் டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே தாய்க்கு ஒரே பதிவில் எழுதவேண்டும். தாய்வீடு போனாலும் அது கூடவே போகவேண்டும்.

இரண்டு: பிள்ளையின் பதிவு தாயின் பதிவோடு இணையவேண்டும்.

மூன்று: ஆராய்ச்சிக்குப் போகும் கணக்கில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கக்கூடாது.

நான்கு: தோட்டத்து ஆபீசும் காண்ட்ராக்டரும் அதைத் தொடக்கூடாது. மீறினால் தண்டனை வேண்டும்.

அதுவரை நம் கடமையும் உண்டு. பிரசவத்திற்குப் புறப்படும் பெண்ணின் பெட்டியில் சேலைக்கு முன்னால் கிளினிக் புத்தகத்தை வையுங்கள். தனியார் டாக்டரிடமும் அதை நீட்டி "இதில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாக்குங்கள்.

முதலாளியின் பாலை ஒரு சொட்டு விடாமல் எழுதிய கை நம் கை. நம் தாய்மாரின் கணக்கு சிந்தாமல் காக்க அந்தக் கை உயரட்டும்!