பேஸிலிருந்து தொடங்குங்கள்
ஒரு பாட்டின் கார்டுகள் வேண்டுமென்றால் பலரும் உடனே இணையத்தில் தேடுகிறார்கள். கையில் பேஸ் கிடார் இருப்பவருக்கு அது தேவையில்லை என்பேன். பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று தெரிந்தாலே பெரும்பாலான கார்டுகள் அகப்பட்டுவிடும். மீதிதான் சுவையானது. பேஸ் ஈ-யில் நிற்கிறது. மேலே ஒலிப்பது ஈ மைனரா, சி மேஜரா? இரண்டிலும் ஈ, ஜி உண்டு. மாறுவது ஒரே சுரம்: முன்னதில் பி, பின்னதில் சி. பாட்டு ஓடும்போதே இரண்டையும் முனகிப் பாருங்கள். எது ஒட்டுகிறது, எது உரசுகிறது என்று காது சொல்லிவிடும். புரோக்கல் ஹாரம் குழுவின் ‘எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்’ (1967) இதற்கு அருமையான பயிற்சி. அதில் பேஸ் சி-யிலிருந்து படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியையும் கார்டின் மூலச்சுரம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டாம் படியிலேயே இடறும். ஒன்று மட்டும்: செல்பேசியின் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். பேஸின் தடித்த ஈ கம்பி அதிர்வது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில்; அந்தச் சின்னப் பொட்டில் அது வராது. நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.