வாங்குபவருக்கு முத்திரை எதற்கு?



1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தறியாப் பெண்கள் ஏடு தூக்கினர். அதனோடு நில்லாது, பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அந்த வண்டி எவருடையது? வாங்கியவருடையது. அக்காள் ஓட்டினாள், தங்கை ஓட்டினாள், அடுத்த வீட்டுக்காரி இரவல் பெற்றுச் சந்தைக்குச் சென்றாள். "நீ யார்? பிறந்த நாள் எது?" என்று வண்டி கேட்டதுண்டா? விற்ற கம்பெனி பின்னாளில் வந்து பூட்டுப் போட்டதுண்டா?

இன்று அதே மாவட்டத்தில், ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ வாழும் ஓர் உழவருக்கு, 2018இல் தமிழ்நாடு அரசு தந்த உழவன் செயலி வேண்டும். செயலி அரசினுடையது, செலவு மக்களின் வரிப்பணம். ஆனால் வாயிலில் நிற்பவர் யார்? கூகுள்! அதன் பிளே ஸ்டோரில் செயலியை இறக்க, முதலில் கூகுள் கணக்கு வேண்டும். ஐபோன் எனில் ஆப்பிள் கணக்கு வேண்டும். எந்தக் கணக்கு எந்தச் செயலியைப் பெற்றது என்பது அங்கே பதிவாகிறது. நோய்க்கொரு செயலி, கடனுக்கொரு செயலி, வழிபாட்டுக்கொரு செயலி, அரசியலுக்கொரு செயலி! அந்தப் பட்டியலைப் படித்தால் மனிதரையே படித்துவிடலாம் அன்றோ?

காசு கொடுத்து வாங்கினாலும் கதை அதுவே. கிடைப்பது உடைமையன்று, வெறும் உரிமம். கணக்கோடு கட்டப்பட்ட அதனைப் பிறருக்கு விற்க இயலாது. கணக்கு முடக்கப்பட்டால், வாங்கியதும் கைவிட்டுப் போகும்.

வாயில்காப்போரின் வலிமை சிறிதன்று. 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில், சென்னை நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகளைக் கூகுள் தன் கடையினின்று நீக்கிற்று. ஒன்றிய அரசு தலையிட்ட பின்னரே அவை மீண்டன. பெரிய நிறுவனங்களுக்கே அந்நிலை எனில், கறம்பக்குடி உழவர் எம்மாத்திரம்?

"போலிச் செயலிகள் பணம் பறிக்கின்றனவே, பாதுகாப்பு வேண்டாவா?" என்பர். வேண்டும்; மறுப்பாரில்லை. ஆனால் செயலி மெய்யானதா என்று காட்டுவது, அதனை ஆக்கியோர் இட்ட மின்முத்திரை, இறக்குபவரின் பெயரன்று. டெபியன் போன்ற லினக்ஸ் கிடங்குகள் நெடுங்காலமாகப் பெயர் கேளாமலே, முத்திரையைச் சோதித்தே மென்பொருள் வழங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு, 2010இல் தோன்றிய எஃப்-ட்ராய்டு அவ்வாறே வழங்குகிறது. மூட்டைக்கு முத்திரை இடுவது முறை. வாங்குபவரின் நெற்றியில் இடுவது எந்த ஊர் நியாயம்?

ஓய்வூதியம் வழங்க அடையாளம் கேட்கட்டும்; விண்ணப்பத் தாளைக் கையில் வாங்கவே அடையாளம் கேட்பது முறையாகுமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உரைத்த நாடு இது!

ஆதலின், தோழர்களே, கிளைதோறும் தீர்மானம் இயற்றுங்கள். ஆண்ட்ராய்டுக்கான அரசுச் செயலி ஒவ்வொன்றும், அரசின் இணையதளத்திலேயே, மின்முத்திரையோடு, கணக்கேதுமின்றிக் கிடைக்கவேண்டும். ஐபோனில் கடைக்கு வெளியே பெற வழியில்லை. ஆகவே அதே பணிகள் இணையப் பக்கமாகவும் திறந்திருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் வலிமையால் 2024இல் ஐபோனைப் பிற கடைகளுக்குத் திறக்கச் செய்தது. அங்கே இயன்றது இங்கே இயலாதா?

மிதிவண்டி ஏறிய மகளிரை மறித்தோர் அன்று தோற்றனர். மக்கள் பணத்தில் விளைந்ததை மக்கள் பெறுவதற்கு, இடையிலோர் அயலான் சீட்டு எதற்கு? கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்!