பட்டி பார்க்கும் முன் உத்திரத்தைப் பாருங்கள்!

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவரில் ஓதம் தெரிந்தால், ‘டேம்ப் ப்ரூஃப் பெயின்ட் அடிச்சிடலாம் சார்’ என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கே கொப்புளம் கட்டும்.

தரையிலிருந்து 3 அடிக்குள் உப்பு பூத்திருந்தால், பெரும்பாலும் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே கறை என்றால் மொட்டை மாடியையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள்.

மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடா? உத்திரம் நடுவில் கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் சத்தமில்லாமல் மக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் ஆசையெல்லாம் அப்புறம். (உளுத்த உத்திரத்தை மறைக்க அதைவிட ஆபத்தான திரை இல்லை!) மரத்தில் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால் மக்குவது நிற்கும். ஆனால், போன பலம் திரும்பாது.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தின் பக்கம் போகும். மேஸ்திரி முகம் சுளித்தாலும் சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள்.