ஒரு மில்லிமீட்டர் ஓரத்தில் ஒரு குரல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

‘படம் எப்படித் தெரிந்தது?’ என்று கேட்போர் பலர். ‘எப்படிக் கேட்டது?’ என்று வினவுவோர் சிலரே. திரையிடலின் தரத்தைக் கண்ணால் மட்டும் அளப்பது நியாயமன்று என்பது என் கருத்து. சிறிய பிலிம்களே அதற்குச் சான்று.

1965இல் கோடாக் நிறுவனம் 8 மி.மீ. அகலமுள்ள ‘சூப்பர் 8’ பிலிமை வெளியிட்டது. வீட்டில் எடுத்த படங்களுக்கும், வீட்டில் திரையிடுவதற்காக விற்கப்பட்ட பிரதிகளுக்கும் அது பயன்பட்டது. ஒலிக்காக அதன் ஓரத்தில் இரும்பு ஆக்சைடு கொண்ட காந்தப் பட்டை ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! ஓர் ஓரம் மட்டும் தடித்தால் சுருள் சீராகச் சுற்றாது. ஆகவே மறு ஓரத்திலும் ஈடாக ஒரு மெல்லிய பட்டை இடப்பட்டது. 1973 முதல், படம் எடுக்கும்போதே ஒலியையும் பதியும் வசதி வந்தது.

படம் நின்று நின்று நகர வேண்டும். ஒலியோ நில்லாமல் ஓட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடவா. எனவே ஒரு காட்சிக்குரிய ஒலி 18 சட்டங்கள் தள்ளிப் பதிவாகிறது.

வினாடிக்கு 24 சட்டங்கள் என்றால் பிலிமின் வேகம் வினாடிக்குச் சுமார் 10 செ.மீ. 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்குப் பட்டையில் கிடைக்கும் இடம் 0.02 மி.மீ. மட்டுமே. அதே பருமனுள்ள அழுக்கு ஒன்று பட்டைக்கும் புரொஜெக்டரின் ‘ஹெட்’டுக்கும் இடையே படிந்தால், அந்த ஒலி 50 டெசிபலுக்கும் மேல் வீழ்ந்துவிடும். ‘ஸ’, ‘ஷ’ போன்ற எழுத்துகள் மங்கிப் பேச்சு முணுமுணுப்பாகும். அப்போது பிலிமைப் பழிக்கிறோம். ‘ஹெட்’டைத் துடைத்தோமா என்று கேட்பதில்லை.

‘டிஜிட்டல் யுகத்தில் இந்தப் பழங்கதை எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கலாம். அந்தச் சுருள்கள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. வெப்பத்திலும் ஈரத்திலும் அசிடேட் பிலிம் சிதைந்து வினிகர் நெடி வீசும். பட்டையிலுள்ள இரும்பு ஆக்சைடு அச்சிதைவை விரைவுபடுத்துகிறது. குரலைத் தாங்கிய பிலிமே முதலில் அழியும் அபாயத்தில் இருக்கிறது! அப்படியிருக்க, படத்தை மட்டும் படியெடுத்து ஒலியைக் கைவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பாட்டனாரின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அவர் குரல் எதிலும் இல்லை. முகம் மட்டும் மிஞ்சினால் மனிதன் பாதிதான் மிஞ்சுகிறான் என்பதை நான் அறிவேன்.

ஆகவே, பழைய சுருள் கிடைத்தால் முதலில் அதன் ஓரத்தைப் பாருங்கள். பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால், அங்கே யாரோ பேசிக்கொண்டிருக்கலாம். முதலில் அந்தக் குரலைக் காப்பாற்றுவோம்.