பாண்டாவுக்கு வீடா, நமக்கு செட்டா?

கோபன்ஹேகன் மிருகக்காட்சி சாலையின் பாண்டா வீட்டுப் படத்தை வகுப்பில் ஒரு நண்பன் காட்டினான். மேலிருந்து எடுத்த படம். வட்டத்துக்குள் யின்-யாங் வடிவம். கறுப்பு வெள்ளைப் பிராணிக்குக் கறுப்பு வெள்ளைச் சின்னத்திலேயே வீடு. "என்னா ஐடியா மச்சி!" என்றான். நானும் "சூப்பர்டா" என்றுதான் சொன்னேன். ராத்திரி படுத்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. மேலிருந்து பார்த்தால்தானே அது யின்-யாங்? பாண்டா எப்போது மேலிருந்து பார்க்கப் போகிறது?

அப்புறம் தூக்கம் வரவில்லை. தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் அந்த வீடு. டென்மார்க்கின் பியார்கே இங்கெல்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. 2019-ல் திறந்தார்கள். பரப்பு 2,450 சதுர மீட்டர், செலவு சுமார் 15 கோடி டேனிஷ் குரோனர். உள்ளேயே ஓர் உணவகமும் உண்டு. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே பாண்டா சாப்பிடுவதைப் பார்க்கலாம். இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்லும் இரண்டு வார்த்தைகள்: "இயற்கையான சூழல்", "காட்டுக்குள்ளேயே போன அனுபவம்".

என் கேள்வி ரொம்ப சிம்பிள். அனுபவம் யாருக்கு?

இந்தக் கலைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. 1907-ல் ஹாம்பர்க் பக்கத்தில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் கம்பி இல்லாத மிருகக்காட்சி சாலையைத் திறந்தார். கம்பிக்குப் பதில் பள்ளம், பின்னணியில் செயற்கைப் பாறை. சிங்கம் காட்டில் நிற்பது மாதிரியே இருக்கும். மனிதர் அடிப்படையில் மிருக வியாபாரி என்பதை மறக்க வேண்டாம். பார்ப்பவர் கண்ணுக்குப் பள்ளம் தெரியவில்லை. சிங்கத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

அடுத்த பெரிய மாற்றம் 1970-களின் கடைசியில், அமெரிக்காவின் சியாட்டில் நகர உட்லண்ட் பார்க் மிருகக்காட்சி சாலையில் வந்தது. கொரில்லாக்களுக்கு நிஜச் செடி கொடிகளோடு இடம் அமைத்து, பார்வையாளர் நடக்கும் பாதையையும் அதே காட்டின் தொடர்ச்சி போல ஆக்கினார்கள். மனிதனும் அந்த நிலக்காட்சிக்குள் மூழ்க வேண்டும் என்பது தத்துவம். நல்ல தத்துவம்தான், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கான்கிரீட் தரையிலிருந்து கொரில்லாவை மண்ணுக்கு இறக்கியவர்கள் அவர்கள். கோபம் எல்லாம் பின்னால் வந்து, தத்துவத்தை விட்டுவிட்டு செட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் மேல்தான்.

செட் என்று ஏன் சொல்கிறேன்? சினிமாவில் அரண்மனை செட் போடுவார்கள். கேமரா பார்க்கும் பக்கம் தங்கத் தூண், பின்னால் போய்ப் பார்த்தால் சவுக்குக் கட்டையும் ஆணியும். பாண்டா இடங்களில் பலவும் அப்படித்தான். சீன பாணி வளைவு, சிவப்பு விளக்கு, சின்ன நீர்வீழ்ச்சி, வழியெல்லாம் மூங்கில். பாண்டா சிச்சுவான், ஷான்சி, கான்சு மாகாணங்களின் குளிர்ந்த மலைக்காட்டுப் பிராணி. அந்தக் காட்டில் பகோடா கூரை ஏது?

சரி, பாண்டாவுக்கு எதுதான் இயற்கை?

ஒன்று, தனிமை. வளர்ந்த பாண்டா தனியாக வாழும். ஆணும் பெண்ணும் கூடுவது வசந்த காலத்தில் சில நாட்கள்தான். பெண் கருத்தரிக்கக்கூடிய நேரம் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, இரண்டு மூன்று நாள். இரண்டு, வாசனை. பாண்டாவின் செய்திப் பலகை மரத்தடிதான். சிறுநீராலும் சுரப்பியாலும் அடையாளம் வைக்கும். ஆண் சில சமயம் முன்னங்காலில் தலைகீழாக நின்றுகூட உயரத்தில் அடையாளம் போடும். மூன்று, குளிர்ச்சி. நான்கு, மூங்கில். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தின்றுகொண்டே இருக்கும், மீதி நேரம் பெரும்பாலும் ஓய்வு. ஐந்து, ஏற மரமும் ஒளிய மறைவும்.

இந்த ஐந்தில் எது போட்டோவில் விழும்? வாசனை விழாது, குளிர்ச்சியும் விழாது. தனிமையும் மறைவும் இருந்தால் போட்டோவே விழாது! பாண்டாவுக்கு எது முக்கியமோ அதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாதவை. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவதில் பாதி பாண்டாவுக்கு வெறும் சுவர்.

கோபன்ஹேகனையே நியாயமாகப் பார்ப்போம். அந்த யின்-யாங் கோடு ஆணையும் பெண்ணையும் தனித்தனிப் பாதியில் வைக்கிறது. அது பாண்டாவுக்காகச் செய்தது, சபாஷ். ஆனால் பிரிக்க ஒரு வேலி போதும். சின்னம் நமக்காக.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2012-ல் காய் காய், ஜியா ஜியா என்ற ஜோடி அங்கே வந்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே பகல் நீளம். அதனால் உள்ளே குளிரூட்டியதோடு நிற்காமல், வெப்பத்தையும் வெளிச்ச நேரத்தையும் சீனாவின் பருவங்கள் போல மாற்றி மாற்றி வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் லெ லெ என்ற குட்டி பிறந்தது. குட்டிக்குக் காரணம் ஏசிதான் என்று நான் சொல்லவில்லை, அது செயற்கைக் கருவூட்டலில் பிறந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் உண்மையிலேயே 'இயற்கையான' விஷயம் எது என்று கேட்டால், சுவருக்குப் பின்னால் ஓடிய மெஷின்தான் என்பேன். எந்தப் பார்வையாளரும் அதைப் படம் எடுத்திருக்க மாட்டார்.

இன்னொரு முக்கியமான விஷயம். சான் டியாகோ மிருகக்காட்சி சாலை ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். பாண்டாக்களைக் காட்சி இடத்திலேயே பூட்டி வைக்காமல், பின்னால் இருக்கும் அறைக்கும் போக வர வழியைத் திறந்து விட்டார்கள். இருப்பதா போவதா என்பது பாண்டாவின் இஷ்டம். பதற்றமான நடவடிக்கைகள் குறைந்தன. சிறுநீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் குறைந்தது. புதிதாக மரம் நடவில்லை, பாறை கட்டவில்லை, நீர்வீழ்ச்சி வைக்கவில்லை. ஒரு கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். இதற்கு எத்தனை கோடி ஆகும் சொல்லுங்கள்?

ஹாங்காங் ஓஷன் பார்க் கதை இன்னும் சுவாரசியம். யிங் யிங், லெ லெ (சிங்கப்பூர் குட்டியின் பெயரேதான், இது வேறு பாண்டா) இரண்டையும் சேர்க்க 2010 முதல் முயற்சி நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கொரோனாவால் 2020 ஜனவரி கடைசியில் பூங்காவை மூடினார்கள். ஏப்ரலில் இரண்டும் முதல் தடவையாக இயற்கையாகவே கூடின. கூட்டம் இல்லாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அந்த வருஷம் குட்டியும் பிறக்கவில்லை (இரட்டைக் குட்டிகள் 2024-ல்தான் வந்தன). ஆனால் பத்து வருஷம் நடக்காதது, டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருந்தபோது நடந்தது. வடிவமைப்பாளர் யாராவது இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? பெண் பார்க்க நாலு பேர் வந்தாலே வீட்டில் நமக்குக் கை கால் உதறுகிறது. அதற்குத் தினமும் ஆயிரக்கணக்கில் ஆள்.

இப்போது நான் படிக்கும் பாடத்துக்கு வருகிறேன். பி.காம். மூளைக்கு எல்லாமே கணக்காகத்தான் தெரியும், மன்னிக்கவும் :)

பின்லாந்தில் ஆஹ்தாரி என்று ஒரு சின்ன ஊர். 2018-ல் லூமி, பூரி என்று இரண்டு பாண்டாக்கள் வந்தன. நல்ல குளிர் நாடு. 80 லட்சம் யூரோவுக்கு மேல் போட்டு வீடு கட்டினார்கள். பராமரிப்பும் சீனாவுக்குக் கட்டும் தொகையும் சேர்த்து வருஷத்துக்கு 15 லட்சம் யூரோ. நம் ஊரில் யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதேதான். கொரோனாவில் கூட்டம் போச்சு, விலைவாசி ஏறிச்சு, கடன் சேர்ந்துச்சு. அரசாங்கமும் கை விரித்தது. 2024 நவம்பரில், ஒப்பந்தம் முடிய எட்டு வருஷம் இருக்கும்போதே, இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஜோடிக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வாடகை. குட்டி பிறந்தாலும் அது சீனாவுக்குத்தான் சொந்தம். கட்டடச் செலவு தனி. இவ்வளவு நிலையான செலவைத் தலையில் வைத்துக்கொண்ட நிர்வாகம் என்ன செய்யும்? டிக்கெட்டில்தான் எடுக்க வேண்டும். டிக்கெட் விற்க வேண்டுமென்றால் பாண்டா தெரிய வேண்டும். எந்நேரமும், எல்லாப் பக்கமும், சாப்பாட்டு மேஜையிலிருந்தும் தெரிய வேண்டும். ஆக ஆர்க்கிடெக்ட் பேனாவைத் திறப்பதற்கு முன்பே பாதி வடிவமைப்பைக் கணக்காளர் முடித்துவிடுகிறார். வீடு எவ்வளவு ஆடம்பரமோ அவ்வளவு கடன். கடன் ஏற ஏற, பாண்டாவுக்கு ஒளிய இடம் குறையும். நான் எரிச்சல்படுவது இதற்குத்தான். "பாண்டாவுக்காக" என்று சொல்லிப் போடும் செலவே பாண்டாவுக்கு எதிராகத் திரும்புகிறது.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும்.

"காடு மாதிரி அமைத்துப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு மிருகத்தின் மேல் மரியாதை வரும், பாதுகாப்பில் அக்கறை வரும்." இருக்கலாம். கம்பிக்குள் பார்ப்பதைவிட மரத்தின் மேல் பார்ப்பது நல்லதுதான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் தெரிகிற பாண்டாவைப் பார்த்து நாம் கற்றுக்கொள்வது என்ன? காட்டு மிருகம் என்றால் நமக்காகக் காத்திருக்கும் என்பதா? அரை மணி நேரம் நின்றும் தெரியாமல், மூங்கில் அசைவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதுதான் காட்டுப் பாடம். அதை அனுபவமாக விற்கத் துணிச்சல் இருக்கிறதா?

"இப்படி வளர்த்ததால்தானே இனம் பிழைத்தது?" என்பது அடுத்தது. இனம் பிழைத்ததில் பெரும்பங்கு காட்டுக்கு. 1998-ல் சீனா இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டது. 67 காப்பகங்கள் அமைந்தன. 2015-ல் வெளியான கணக்கெடுப்பில் காட்டில் 1,864 பாண்டாக்கள். 2016-ல் ஐ.யு.சி.என். அமைப்பு 'அருகிவரும்' பட்டியலிலிருந்து ஒரு படி கீழே, 'பாதிக்கப்படக்கூடிய' பட்டியலுக்கு மாற்றியது. காட்டுக்கு அனுப்பும் குட்டிகளைச் சீனாவில் எப்படிப் பழக்குகிறார்கள் தெரியுமா? வோலாங்கில் பராமரிப்பாளர்களே பாண்டா வேஷம் போட்டுக்கொண்டுதான் கிட்டே போகிறார்கள், மனித முகம் பழகிவிடக் கூடாது என்று. அங்கே பார்வையாளர் மாடம் கிடையாது. உண்மையிலேயே காட்டுக்காக வடிவமைத்த இடத்தில் முதலில் தூக்கியது நம்மைத்தான்!

பெர்லினையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் சுமார் ஒரு கோடி யூரோ செலவில் 5,500 சதுர மீட்டர் பாண்டா தோட்டம். அந்த வருஷமே மெங் மெங் என்ற பெண் பாண்டா பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்துச் செய்தியானது. வயசுக் கோளாறா, சாப்பாட்டுக் கோபமா என்று அங்கேயே யோசித்தார்கள். பிறகு 2019-லும் 2024-லும் இரட்டைக் குட்டிகள் போட்டது. ஆகவே தோட்டம் மோசம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தோட்டம் அழகு என்பதை வைத்து உள்ளே இருப்பது நிம்மதியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்றுதான் சொல்கிறேன். காட்டில் ஒரு பாண்டா சில சதுர கிலோமீட்டர் சுற்றும். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது பத்து லட்சம் சதுர மீட்டர். 5,500 அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எவ்வளவு கட்டினாலும் இடம் போதாது. அதனால்தான் இருக்கிற இடத்தில் எதற்குச் செலவு செய்கிறோம் என்பது முக்கியம்.

என் கோரிக்கைகள் சின்னவை. பின்பக்கக் கதவு எப்போதும் திறந்திருக்கட்டும். பார்க்கும் இடம் ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும். வாசனை வைத்த மரத்தைத் தினம் தினம் கழுவ வேண்டாம். குளிர்சாதனத்துக்கும் மூங்கிலுக்கும் போக மிச்சம் இருந்தால் மட்டும் நீர்வீழ்ச்சி. டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் "பாண்டா தெரியாமலும் போகலாம்" என்று அச்சிடுங்கள். கடைசியாக, புது வீடு கட்டும் ஒவ்வொரு மிருகக்காட்சி சாலையும் செலவை இரண்டு பத்தியாகப் பிரித்து வெளியிட வேண்டும். பாண்டா பயன்படுத்துவது ஒரு பத்தி, பார்வையாளர் பயன்படுத்துவது இன்னொன்று. வளைவும் விளக்கும் உணவகமும் இரண்டாவது பத்தியில் வரட்டும். தப்பே இல்லை, நமக்காகச் செலவு செய்தோம் என்று ஒப்புக்கொண்டால் போதும். அதை பாண்டா பேரில் பற்று எழுதாதீர்கள்.

அந்த நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பாண்டாவே தெரியலைன்னா நீ காசு குடுத்துப் போவியாடா?" என்றான்.

போவேன் என்றுதான் சொன்னேன். சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் போவீர்களா?