கரை யாருக்கு?



குளத்தங்கரையில் நடைபாதை போடட்டும். வேணாம்னு நாம் சொல்லவில்லை. சாக்கடை கலக்காத தண்ணீர்மேல் நம்மைவிட ஆசை யாருக்கு இருக்க முடியும்? ஊர்த்தெருக் கழிவெல்லாம் கடைசியாக வந்து தேங்குவது நம்ம சேரி வாசலில்தானே. கரையைக் கழுவும்போது கூடவே யாரையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

2021க்குப் பிறகு அம்ரூத் 2.0, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் என்று ஏரி குளங்களைச் சீரமைக்கவும் பூங்கா போடவும் நகராட்சிகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019இல் மாவட்டத் தலைநகரானது. கல்வராயன் மலையில் பிறந்து வருகிற கோமுகி இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. தலைநகருக்கு ஏற்ற ஆற்றங்கரை வேண்டுமென்று யாராவது ஒருநாள் வரைபடம் விரிக்கத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நாம் பேசிவிடுவோம்.

மற்ற ஊர்களில் விரித்ததைப் பார்த்திருக்கிறோம். கோவை 2016இல் பொலிவுறு நகரங்களின் முதல் பட்டியலிலேயே வந்தது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் இன்று கலர் விளக்கு எரிகிறது, சனம் குடும்பத்தோடு வந்து போட்டோ எடுக்கிறது. குளக்கரைகளில் தலைமுறையாகக் குடியிருந்து அந்த நகரத்தையே கூட்டிப் பெருக்கிய அருந்ததியக் குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சென்னையில் கூவம் கரை சத்தியவாணிமுத்து நகரை 2019 டிசம்பரில், பாதிப் படிப்பு ஆண்டில் இடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் போன இடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கம். சத்தியவாணிமுத்து யாரென்று தெரியும்தானே, அமைச்சராக இருந்த தலித் பெண்மணி. பேரை வைத்தவர்களுக்கு அந்தப் பேருக்குரியவர்களைக் கரையில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தத் திட்டங்களில் ‘நிலைத்த வளர்ச்சி’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நமக்கு இன்னும் அர்த்தம் பிடிபடவில்லை.

எனக்கு வங்கிக் கவுண்டரில் வேலை. வேறொரு ஊரில் இருந்தபோது, இப்படி மாற்றி அனுப்பப்பட்ட ஒரு துப்புரவுப் பணியாளர் முகவரி மாற்ற வந்தார். “சார், தெருப் பேரே இல்ல, பிளாக் நம்பர்தான் இருக்கு, அதப் போட்டா போதுமா?” என்றார். போதும்க்கா என்று எழுதிக் கொடுத்தேன். போகும்போது சொன்னார்: “விடியக்காலம் மஸ்டர் சார். மொத பஸ்ஸு வந்து சேர்றதுக்குள்ள ஆப்சென்ட் போட்டுர்றாங்க. அதான் வாரத்துல பாதி நாளு இங்கயே தெரிஞ்சவங்க திண்ணையில படுத்துக்கறேன்.” படிவத்தில் அந்தத் திண்ணைக்குக் கட்டம் இல்லை.

ஆக்கிரமிப்பு என்பார்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். சரி. ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரைக் கட்டியவர்கள் யார்? வள்ளுவர் கோட்டம் நிற்பது எதன்மேல்? அரசாங்கம் செய்தால் நகர விரிவாக்கம், நம்ம ஆள் ஓலைக் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு.

நீர்க்கரை பற்றி நகராட்சி போட்ட தீர்மானம் என்றால் நமக்கு மகாடுதான் ஞாபகம் வரும். சவுதார் குளத்தைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறப்பதாக 1924இல் மகாடு நகராட்சி தீர்மானம் போட்டது. போட்டதோடு சரி. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் சாணியும் கோமியமும் கரைத்து ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதே ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே வாபஸ் வாங்கிக்கொண்டது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வர 1937 ஆனது. அதே 1924இல்தான் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத்தெருவும் கிணறும் குளமும் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பிறகு அரசியல் சட்டமே 15(2)ஆம் பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்று பேர் சொல்லி எழுதியது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது. காகிதத்துக்கும் கரைக்கும் நடுவே இவ்வளவு தூரம்.

அதனால் நகராட்சி ‘சமுதாய வசதிகள்’ என்று எழுதினால், எந்தச் சமுதாயத்துக்கு, எந்தத் தெருவில் என்று கேட்போம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள், நம் மக்கள். செத்த பிறகு குடும்பத்துக்குப் பத்து லட்சம் வந்தது. உயிரோடு இருக்கும்போது அப்படிப்பட்ட தெருக்களுக்கு வரவேண்டியது என்ன? இரவு திறந்திருக்கும் நூலகம், பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பறை, பிள்ளைகள் விளையாட மைதானம், சாவுக்கும் கல்யாணத்துக்கும் உதவும் ஒரு கூடம். ஆற்றங்கரை நீரூற்றுக்கு முன்னால் இவற்றின் மதிப்பீடு மேசைக்கு வரட்டும்.

நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. மாணவத் தோழர்கள் அங்கே போய் உட்கார வேண்டும். கரையில் இப்போது யார் யார் குடியிருக்கிறார்கள் என்று வீடுவீடாக நாமே பேரெழுதிய நோட்டு கையில் இருக்கட்டும். வீடு மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் நடந்துபோகிற தூரத்துக்குள், அதுவும் புது வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகு என்று தீர்மானத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.