மூணாவது விசில்

அத்தைக்குக் கண் பார்வை மங்கி மூன்று வருடமாகிறது. மாயவரத்தில் இருக்கிறார். அதற்கு முன் வாரப் பத்திரிகை வந்து விழுந்தால், போட்டவர் தெருமுனை திரும்புவதற்குள் தொடர்கதையை முடித்துவிடுகிற ஆளாக இருந்தார். "நீ எழுதறதையாவது படிச்சு அனுப்பேன்ப்பா" என்றார். அதற்காக ஒரு யுஎஸ்பி மைக் வாங்கினேன். பல்லாவரத்தில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் அதை நிறுத்தி, ஒரு பத்தியைப் படித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணியில் ஃபோன் வந்தது.

"நல்லாத்தான் படிக்கிற. ஆனா மூணு விசில் வந்தும் யாரும் அடுப்பை அணைக்கலையே, சாதம் குழைஞ்சிருக்குமே?"

போட்டுக் கேட்டேன். குக்கரோடு நிற்கவில்லை. ஃபேன், ஃபிரிட்ஜ், கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வெங்காயம் விற்கிறவர், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம். இத்தனைக்கும் நடுவே யாரோ ஒருத்தர் தூரத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது நான்.

பழகின சத்தத்தைக் காது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஃபிரிட்ஜ் ஓடுவது நமக்குத் தெரிவது அது நிற்கும்போதுதான். மைக்குக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் கிடையாது. காசு போட்டு வாங்கியவன் என்ற சலுகையும் எனக்குக் கிடைக்கவில்லை.

குரல் சின்னதாகக் கேட்டதால் மைக்கில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற கெயின் குமிழை முழுக்கத் திருகினேன். ஃபேனும் சேர்ந்து உயர்ந்தது, வெங்காயமும் உயர்ந்தது. குமிழில் ஒன்றுமில்லை, விஷயம் தூரத்தில் இருந்தது. என் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு முழம் இடைவெளி. முழத்தைச் சாணாக்கினால் மைக்குக்குப் போய்ச் சேரும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். சாணையும் பாதியாக்கினால் இன்னொரு 6. ஃபேன் மட்டும் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கூடின அளவுக்குக் கெயினைக் குறைத்துவிடலாம்; குறைக்கும்போது நம் குரல் பழைய அளவில் நிற்க, ஃபேன் 12 டெசிபெல் கீழே போய்விடும். பைசா செலவில்லாத இந்த வைத்தியம் எனக்குப் புரிய இரண்டு வாரம் பிடித்தது. நடுவில் இன்னும் விலை கூடின மைக் ஒன்றை இணையத்தில் பார்த்து, வாங்கும் கூடையில் போட்டும் வைத்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு கூத்து. மேடைப் பேச்சாளர் மாதிரி அதன் உச்சந்தலையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வகை கண்டென்சர் மைக்குக்குக் காது தலையில் இல்லை, முகத்தில். கம்பெனி முத்திரை இருக்கிற பக்கம்தான் முகம். முதுகில் இருந்த சிறிய குமிழ் வேறு 'எல்லாத் திசையும்' என்ற குறியில் நின்றது. அதை இதய வடிவக் குறிக்கு மாற்றினால் முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் முக்கால் செவிடு. அதற்கப்புறம் மைக்கின் முதுகை ஃபிரிட்ஜ் பக்கம் திருப்பி வைத்தேன்.

அப்படியும் குரல் கல்யாண மண்டபத்தில் பேசுகிற மாதிரியே இருந்தது. மொசைக் தரை, வெற்றுச் சுவர். பேசியது முட்டித் திரும்பி வந்து மறுபடி மைக்கில் ஏறுகிறது. இரைச்சலைப் பிறகு ஓரளவு வழித்தெடுக்கலாம், எதிரொலியைக் குரலிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. எனவே படுக்கை அறைக்கு இடம் மாறினேன். முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, எதிரே துணி பீரோவை விரியத் திறந்து வைத்துப் படித்தேன். "என் புடவைக்கெல்லாம் கதை படிச்சுக் காட்டறீங்களா?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை, பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சம் ஃபேன். இரண்டில் வைத்தால் ரெகுலேட்டர் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது, மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகுகிறது. ஐந்தில் வைத்தால் முனகல் குறைகிறது, காற்று நேரே மைக்கில் அடிக்கிறது. நிறுத்தினால் மே மாதம். நிறுத்தினேன். இரண்டாவது பக்கத்தில் தாள் கையோடு ஒட்டிக்கொண்டது. அப்போதும் அடியில் ஒரு ரீங்காரம் போகவில்லை. தலையணை வைத்து ஜன்னலை அடைத்தேன், கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். கடைசியில் பார்த்தால் லேப்டாப்பின் சார்ஜர். பிடுங்கினதும் நின்றது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பு சார்ஜர் வழியாக வந்து யுஎஸ்பி ஒயரில் ஏறியிருக்கிறது. பேட்டரியில் ஓட்டினால் அந்த வழி அடைபடுகிறது.

ஆடாசிட்டி என்று இலவச மென்பொருள் உண்டு. ஐந்து விநாடி சும்மா இருந்து, அந்த வெறும் இரைச்சலை அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒலியைப் பல நூறு இழைகளாகப் பிரித்து, காட்டிக்கொடுத்த அளவைத் தாண்டாத இழைகளை அமுக்கிவிடும். ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடுவதற்குச் சரி. வெங்காயக்காரரிடம் அதன் ஜம்பம் பலிக்காது. எவ்வளவு அமுக்குவது என்று அதுவே ஓர் அளவு வைத்திருந்தது. நான் அதை 30 டெசிபெலாக்கினேன்.

"ஏம்ப்பா, கிணத்துக்குள்ளேர்ந்து பேசற? உடம்பு சரியில்லையா?" என்றார் அத்தை.

இரைச்சலை ஒடுக்கியே பேர் வாங்கிய ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். அப்புறம் லண்டனில் கம்பெனி தொடங்கினார். அவருக்கு எதிரி ஒலிநாடா போடுகிற 'உஸ்'. பதியும்போதே மெல்லிய ஒலிகளைத் தூக்கிப் பதிவது, கேட்கும்போது தூக்கிய அளவு இறக்குவது. இறக்கும்போது உஸ்ஸும் கூடவே இறங்கும். பதிகிற இடத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டார் மனிதர். நான் பதிந்து முடித்துவிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அளவை 8-க்கு இறக்கி, வெங்காயம் ஓய்ந்த ராத்திரிகளில் படிக்க ஆரம்பித்தேன். போன வாரம் ஒன்றரை மணிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கூடத்து ஃபிரிட்ஜ் ஓய்ந்தது, அடுத்த அறை ஃபேன் ஓய்ந்தது, லேப்டாப் பேட்டரியில் ஓடியது. இப்படி ஒரு நிசப்தத்தை இந்த வீட்டில் நான் கேட்டதில்லை. குரலைத் தணித்துக்கொண்டு மூன்றாவது பாராவுக்குப் போனேன். ஃபேன் நின்றால் தூங்க முடியாத ஜனங்கள் நாம். மாடிக்கு மாடி கதவு திறந்தது, ஒரு குழந்தை அழுதது, "யார் வீட்ல எல்லாம் இல்லை?" என்று யாரோ படிக்கட்டில் நின்று கேட்டார். பிறகு கீழே ஜெனரேட்டரைப் போட்டார்கள்.